முதலில் ரப்பர், பிறகு ஸ்பிரிங்

கோவை கணபதியில் பட்டறை போட்டு 38 வருஷம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு பையனாவது பழைய ஸ்விஃப்ட்டைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, “அண்ணா, சஸ்பென்ஷன் பண்ணோணும், பட்ஜெட் கம்மிங்ணா” என்கிறான். செல்போனில் ஒரு படத்தைக் காட்டுகிறான். படத்தில் வண்டி தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. கையில் 30,000 ரூபாயோ 40,000 ரூபாயோ இருக்கும். காலேஜ் முடிந்து சாயங்காலம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காக, நேரில் சொல்வதையெல்லாம் இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 2005-இல் நம் நாட்டுக்கு வந்த முதல் ஸ்விஃப்ட். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். இன்றைக்கு ரோட்டில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே அமைப்புதான், அதனால் உன் வண்டி வேறாக இருந்தாலும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

1. வண்டியை எதற்காக ஓட்டப்போகிறாய் என்று ஒரு தாளில் எழுது. சனி ஞாயிறு வால்பாறை ஏறவா? செட்டிபாளையம் டிராக்கில் சுற்றவா? அப்பா அம்மாவை உட்காரவைத்துப் பழநிக்குப் போகவா? மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஸ்பிரிங் கிடையாது. வால்பாறைப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலம் முடிந்தால் தார் பெயர்ந்த இடங்கள் வேறு. அங்கே சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. சமமான தார், அங்கே இறுக்கம் உதவும். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல். அந்த ஆசையில் தப்பில்லை, அதற்கு ஓர் அளவு மட்டும் உண்டு. எட்டாவதில் சொல்கிறேன்.

2. சஸ்பென்ஷனுக்கு உள்ள ஒரே பெரிய வேலை, டயரைத் தரையை விட்டு எழும்ப விடாமல் பிடித்து வைத்திருப்பது. வண்டி ரோட்டைத் தொடுவது நாலு இடத்தில்தான், ஒவ்வொன்றும் ஏறக்குறைய உன் உள்ளங்கை அளவு. பிரேக், ஸ்டியரிங், வளைவு எல்லாம் அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் நடக்கிறது. நீ வாங்கும் எந்தச் சாமானைப் பற்றியும் ஒரே கேள்வி கேள்: இது அந்த நாலையும் தரையில் வைத்திருக்க உதவுமா?

3. பழைய வண்டியில் முதல் வேலை, அதைப் புது வண்டி இருந்த நிலைக்குக் கொண்டுவருவது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசு அதிகம் வீணாவது இதைத் தாண்டிக் குதிப்பதில்தான்.

போன ஆவணியில் ஒரு பெண் வந்தாள். பொறியியல் மூன்றாம் வருஷம். 2009 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், ஓடோமீட்டரில் லட்சத்தைத் தாண்டியிருந்தது. லோயரிங் ஸ்பிரிங் வாங்குவதற்கென்று 40,000 ரூபாய் வைத்திருந்தாள். “அண்ணா, ஹைவேல லேன் மாத்துனா வண்டி ஒரு தடவை லேட்டா அசையுதுங்க” என்றாள். அவள் சொன்ன அந்த ‘லேட்டா’ என்ற வார்த்தையிலேயே நோய் பாதி தெரிந்துவிட்டது.

வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்துக்கு மேலே கையை விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பச் சொன்னேன். ஸ்பிரிங் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சீராகத் திரும்ப வேண்டும். அது திரும்பாமல் முறுக்கிக்கொண்டே போய், ஓர் இடத்தில் ‘டங்’ என்று விட்டது. கையில் அந்த உதறல் தெரிந்தது. மேலே இருக்கும் ஸ்ட்ரட் பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று அர்த்தம். அவளையும் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு தடவை தொட்டு உணர்ந்துவிட்டால் ஜென்மத்துக்கும் மறக்காது.

அடுத்து வண்டியைத் தூக்கி, லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷுக்குள் லீவரைக் கொடுத்து நெம்பினோம். ரப்பர் வாய் பிளந்தது. பிரேக் பிடிக்கும்போது அந்த ஆர்ம் பின்னுக்கு நகர்கிறது, சக்கரத்தின் கோணம் மாறுகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. லிங்க் ராட் இரண்டையும் விரலால் ஆட்டினாலே ஆடியது. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் ‘டொக் டொக்’ என்று கேட்டால் முதல் சந்தேகம் இந்த லிங்க் ராட்மேல்தான் விழ வேண்டும். ஷாக் இரண்டில் எண்ணெய் கசிந்து, மேலே தூசி அப்பி, கறுப்புச் சேறாக இருந்தது.

புஷ், பேரிங், மவுன்ட், லிங்க் ராட், பம்ப் ஸ்டாப், நாலு ஷாக் அப்சார்பர் எல்லாம் கம்பெனித் தரத்தில் புதிதாகப் போட்டோம். லேபரோடு சேர்த்தும் அவள் வைத்திருந்ததில் பாதியைத் தொடவில்லை. மீதியில் நல்ல டயர். ஓட்டிவிட்டு வந்தவள், “இதுதான் அப்கிரேடுங்களா?” என்று கேட்டாள். இல்லை, இதுதான் அந்த வண்டி. 16 வருஷம் முன்னால் ஷோரூமை விட்டு வரும்போது அப்படித்தான் ஓடியது. தேய்ந்த ரப்பரின்மேல் இறுக்கமான ஸ்பிரிங்கைப் போட்டிருந்தால், அந்த ஸ்பிரிங் தாங்கும் அடியெல்லாம் கிழிந்த புஷ்ஷில்தான் போய் விழுந்திருக்கும்.

4. புஷ் மாற்றினால் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டி தரையில் நிற்கும்போதுதான். இதை எத்தனையோ பட்டறையில் செய்வதில்லை. ரப்பர் புஷ் சுழலும் பேரிங் மாதிரி கிடையாது. நடுவில் உள்ள இரும்புக் குழாயோடும் வெளி வளையத்தோடும் ரப்பர் ஒட்டியிருக்கும், ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுகி நேராகும். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். சும்மா நிற்கும்போதும் அது கிழிந்துகொண்டிருக்கும், புது புஷ் ஆறு மாதத்தில் போய்விடும். போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியை நாலு சக்கரத்திலும் நிறுத்தி, முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டி, பிறகு டார்க் ரெஞ்ச் போடு. குழியில் இறங்கிச் செய்ய வேண்டிவரும். செய்.

5. டயர்தான் முதல் ஸ்பிரிங்.

அடிப்படை ஸ்விஃப்ட்டுக்கு வந்த அளவு 165/80 ஆர்14. மேல் மாடலுக்கு 185/70 ஆர்14. கணக்குப் போட்டுப் பார்: முதலாவதின் பக்கச் சுவர் 132 மி.மீ., இரண்டாவதின் சுவர் 129.5 மி.மீ. மொத்த விட்டத்தில் வித்தியாசம் 5 மி.மீ.தான், ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆனால் அகலத்தில் 20 மி.மீ. கூடுகிறது. கம்பெனியே அந்த வண்டிக்கென்று கொடுத்த அளவு என்பதால் உரசலும் இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. ரிம்மின் அகலம் அந்த டயருக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள். குறைந்த காசில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் எனக்குத் தெரியாது.

வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் படி. 2324 என்று இருந்தால் 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று நாலு வருஷம் குடோனில் கிடந்த டயரைத் தள்ளுபடி என்று தள்ளிவிடுவார்கள். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் காய்ந்து போயிருக்கும்.

17 அங்குல அலாய் ஆசை வேண்டாம். பெரிய வளையம் பெரும்பாலும் கனம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடக் கூட, குழியில் விழுந்து எழும் சக்கரத்தை அடக்குவது ஷாக்குக்குப் பெரும்பாடு. பக்கச் சுவரும் மெலிந்துவிடும், ஒரு குழியில் வளையம் நெளியும்.

ஒரு நல்ல பிரஷர் கேஜ் சொந்தமாக வாங்கிக்கொள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் அளவு இருக்கிறது. காலையில், டயர் சூடாவதற்கு முன், அதன்படி வைத்து ஓட்டு. பிறகு ஒன்றோ இரண்டோ பி.எஸ்.ஐ. மாற்றி ஓட்டிப் பார். சஸ்பென்ஷனில் காசே இல்லாமல் செய்யக்கூடிய ஒரே மாற்றம் இதுதான். அதன் வித்தியாசம் உன் இடுப்புக்குத் தெரியும்வரை வேறு எதையும் வாங்காதே.

6. ஷாக் வண்டியைத் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அந்த ஸ்பிரிங்கை அடக்குகிறது. ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் அது தானாக நிற்க நேரமாகும், பக்கத்தில் நின்று கையால் பிடித்து நிறுத்துகிறவர்தான் ஷாக். ஸ்பிரிங்கை இறுக்கமாக்கினால் பிடிக்கும் கைக்கும் பலம் கூட வேண்டும். கணக்கு இப்படி: ஸ்பிரிங் 40 சதவீதம் இறுகினால், அதே அடக்கத்துக்கு ஷாக்கின் பலம் ஏறத்தாழ 18 சதவீதம் கூட வேண்டும். பழைய ஷாக்கின்மேல் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் மாட்டியவன் வண்டி குதிரை மாதிரி துள்ளுவது இதனால்தான். அவன் ‘வண்டி ஸ்டிஃப் ஆயிடுச்சு’ என்று சந்தோஷப்படுகிறான், சக்கரமோ ஒவ்வொரு மேட்டுக்கும் தரையை விட்டு எழும்புகிறது.

ஆக, காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ஷாக் வாங்கு. அசல் ஸ்பிரிங்கோடு நல்ல ஷாக், ஸ்பிரிங் மட்டும் மாற்றிய வண்டியை எந்த மலைப்பாதையிலும் விட்டு முன்னால் போகும்.

மாட்டும்போது இரண்டு விஷயம். புது ஷாக் பெட்டியில் படுத்துக் கிடந்திருக்கும். நேராக நிறுத்தி, முழுக்க அமுக்கி முழுக்க இழுத்து ஐந்தாறு தடவை விடு, உள்ளே எண்ணெயில் கலந்த காற்று மேலே போகும். மேல் நட்டை முறுக்கும்போது பளபளவென்று இருக்கும் ராடை பிளையரால் பிடிக்காதே. ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், அது மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் ஆயில் சீலை அறுக்கும்.

7. ஸ்பிரிங்கை வெட்டாதே. சூடு காட்டி இறக்காதே.

1994-இல் என் சொந்த மாருதி 800-இல் முன் ஸ்பிரிங் இரண்டிலும் ஹேக்ஸாவால் ஒரு சுற்று அறுத்தேன். அப்போது எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் இறுக்கம் 20 சதவீதம் கூடும், உயரமும் குறையும். ஒரே அறுப்பில் இரண்டு லாபம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் விட்டுப்போனது, ஸ்பிரிங்கின் நுனி உட்காரும் இடம். நுனி சுற்று கிண்ணத்தில் பதிந்து நிற்கும்படி வளைத்திருப்பார்கள். அறுத்த நுனிக்கு அந்த வளைவு கிடையாது. அதோடு, ஸ்பிரிங் குட்டையாகிவிட்டதால் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது அது கிண்ணத்தில் அழுந்தி நிற்காமல் தளர்ந்துவிடும்.

குன்னூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் மனைவியும் மூன்று வயது மகளும். பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் சாலை சட்டென்று இறங்கும் இடத்தில் இடது சக்கரம் தொங்கியது. ஸ்பிரிங் தளர்ந்து திரும்பி, நுனி கிண்ணத்தை விட்டு வெளியே உட்கார்ந்தது. ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் சாய்ந்து, டயர் உள்ளே உரசி, ரப்பர் கருகும் வாசனை. மெதுவாகப் போனதால் மலைச்சுவர் ஓரமாக நிறுத்த முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகள் தூங்கிக்கொண்டே இருந்தாள். அந்த இரண்டு ஸ்பிரிங்கும் இன்றும் பட்டறைச் சுவரில் தொங்குகின்றன. ‘ஒரு ரவுண்டு கட் பண்ணிக் குடுங்ணா’ என்று கேட்டு வருகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறேன்.

சூடு வைப்பது இன்னும் மோசம். ஸ்பிரிங் எஃகு பதம் போட்டது. கேஸ் வெல்டிங் தீயைக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போகும். இன்றைக்கு இறங்கும், நாளைக்கும் இறங்கும், ஒரு நாள் ஒடியும்.

8. தாழ்த்தினால் வண்டி வளைவில் குறைவாகச் சாயும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் ஒளிந்திருக்கிறது.

ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் யோசித்த இந்த அமைப்பு, 1950-இல் வெளிவந்த ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. ஷாக், ஸ்பிரிங், சக்கரத்தின் மேல் பிடி மூன்றையும் ஒரே தூணாக்கினார். உதிரிகள் குறைவு, இடம் மிச்சம், விலை மலிவு. சின்ன கார் உலகமே அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அது. ஆனால் அது சரியாக வேலை செய்ய ஒரு நிபந்தனை: லோயர் ஆர்ம் வண்டிப் பக்கம் உயர்ந்தும் சக்கரப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். அப்போது வண்டி சாயும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து டயர் தரையில் பதியும். நீ 60 மி.மீ. இறக்கிவிட்டால் ஆர்ம் தலைகீழாகச் சாயும். அதற்குமேல் வண்டி அமுங்கினால் சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் போகும். வளைவில் வெளிச் சக்கரம் தன் வெளி விளிம்பில் மட்டும் நிற்கும்.

இன்னொன்று. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளியும் இறங்கும், அதுவும் உடலைவிட வேகமாக இறங்கும். உடலின் எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம் கூடிவிடும். அதாவது வண்டியைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளத்தை நீயே கூட்டியிருக்கிறாய். சாய்வைக் குறைக்கத் தாழ்த்தினாய், சாய்வு கூடியது. அதை அடக்க இன்னும் இறுக்கமான ஸ்பிரிங், அதற்கு இன்னும் விலை கூடிய ஷாக். காசு போய்க்கொண்டே இருக்கும்.

கடைசியில் பம்ப் ஸ்டாப். ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல் போய் ராட் அந்த ரப்பரில் மோதினால், அந்த நொடியில் அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லை என்று வைத்துக்கொள். வளைவின் நடுவில் அது நடந்தால் முன் டயர் பிடியை விட்டு நேராகப் போகும்.

என் அளவு 25 மி.மீ., மிஞ்சினால் 30. ஸ்விஃப்ட்டின் அடி உயரம் 170 மி.மீ.; 30 போனால் 140. விதிப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெதுவான மேடு, அதில் தப்பிவிடலாம். நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் மேடுகளை நான்கு பேரோடு ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய். உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதே. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அள, டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பாது.

9. மலிவு விலைக் காயில்ஓவர் வேண்டாம். உயரம் மாற்றலாம் என்பதுதான் அதில் கண்ணுக்குத் தெரிவது. உள்ளே இருக்கும் வால்வு எப்படி என்பது எவர் கண்ணுக்கும் தெரியாது, அந்த வால்வுக்குத்தான் விலை. அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு மரையில் துரு ஏறி, மாற்றக்கூடிய உயரமும் மாற்ற முடியாமல் நின்றுவிடும். நல்லது வாங்கப் பணம் சேரும்வரை நல்ல சாதாரண ஷாக்கில் ஓட்டு.

10. ஸ்டெபிலைசர் பார் பற்றி ஆவலாகக் கேட்கிறீர்கள். வளைவில் வண்டி சாய்வதை அடக்கும் கம்பி அது, நல்ல பொருள்தான். அதன் பலம் விட்டத்தின் நான்காம் படியாகக் கூடும், 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 போட்டால் கிட்டத்தட்ட 46 சதவீதம் பலம் கூடும், கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் டார்ஷன் பீம் வண்டியில் பின் அச்சே முறுகி ஒரு பார் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னொன்று சேர்த்தால் காய்ந்த ரோட்டில் வண்டியின் மூக்கு அழகாக உள்ளே திரும்பும். மழையில், வளைவு நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் உன்னை முந்தப் பார்க்கும். ஓட்டிப் பழகிய கைக்கு மட்டும்.

11. அலைன்மென்ட்டை நீயே அளக்கக் கற்றுக்கொள்.

மெஷினில் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டு, பிரின்ட் வாங்கி வை. ஆனால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் மெஷினுக்குப் போனால் காசு கரையும். கொத்தனார் சாமான் போதும். தரை சமமா என்று தண்ணீர் டியூபை வைத்துப் பார். சமம் இல்லாத சக்கரத்துக்கு அடியில் தகடு வை. வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு நட்டு, சக்கர மைய உயரத்தில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டு. இரண்டு நரம்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், வண்டிக்கு நடுவில் இருக்க வேண்டும். முன் அச்சும் பின் அச்சும் ஒரே அகலம் இருக்காது, அதனால் முன் சக்கர மையத்திலிருந்து நரம்புக்கு இடதும் வலதும் ஒரே தூரம், பின்னாலும் இடதும் வலதும் ஒரே தூரம் என்று தனித்தனியாகப் பார். பிறகு வளையத்தின் முன் விளிம்பிலிருந்து நரம்புக்கு எத்தனை மி.மீ., பின் விளிம்பிலிருந்து எத்தனை என்று அள. வித்தியாசம்தான் டோ.

கேம்பருக்கு, அதாவது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவுக்கு, தூக்குக்குண்டு. டயரின் வெளிப்பக்கத்தில் தொங்கவிட்டு, வளையத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அள. 14 அங்குல வளையத்தில் 1 டிகிரி என்பது ஏறத்தாழ 6 மி.மீ. இப்படி நாலு தடவை மண்டியிட்டு அளந்தவனுக்கு மெஷின் திரையில் ஓடும் எண்கள் அதன் பிறகு வெறும் எண்ணாக இருக்காது.

டயரை உள்ளங்கையால் தடவிப் பார். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழவழ, உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பம் மாதிரி தடுத்தால் டோ தப்பு என்று டயரே சொல்கிறது. உள் விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் குற்றவாளி டோதான்.

12. பழைய சாமான் வாங்கலாம், பார்த்து வாங்கு. புதுப்பேட்டையானாலும் உக்கடமானாலும், உலோகமாக மட்டும் இருப்பதை வாங்கு: அலாய் வளையம், ஸ்டெபிலைசர் பார், துருவோ விரிசலோ இல்லாத ஸ்பிரிங். எண்ணெயும் ரப்பரும் உள்ள எதையும் வாங்காதே: ஷாக், புஷ், பால் ஜாயின்ட், டயர். டீசல் ஸ்விஃப்ட்டின் இஞ்சின் கனம் கூட, அதனால் அதன் முன் ஸ்பிரிங்கும் வேறு. அதைப் பெட்ரோலில் மாட்டினால் மூக்கைத் தூக்கி நிற்கும். ஸ்பிரிங்கில் பூசியிருக்கும் வண்ணக் கோடுகளைப் பார்த்து ஜோடி சேர். எப்போதும் ஜோடியாகவே மாற்று.

13. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றாதே. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் முகத்தில்தான் வரும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. செங்கலையும் நம்பாதே, அது சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு வை, கழற்றிய சக்கரத்தையும் பக்கவாட்டில் அடியில் தள்ளி வை. எனக்குத் தெரிந்த இரண்டு பேரின் விரல்களை இந்த வேலை எடுத்திருக்கிறது.

14. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நான் மேலே முதலில் சொன்ன வேலைகள் எல்லாம் வண்டியை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவருபவை. அதைத் தாண்டிப் போகிறாய் என்றால், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் அடியில் குனிந்து பார்ப்பார் என்பதை நினைவில் வை. ரேஸுக்கென்று செய்யும் வண்டி ரேஸுக்கே இருக்கட்டும்.

15. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஷாக், டயர், அலைன்மென்ட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி நன்றாகிவிட்டது என்று மட்டும் தெரியும், எதனால் என்று தெரியாது. ஒரு நோட்டு போடு. தேதி, கிலோமீட்டர், டயர் பிரஷர், நாலு மூலை உயரம், டோ, கேம்பர், ஓட்டியபோது என்ன தோன்றியது. அதே சாலை, அதே வேகம், அதே எடை. மூன்றாவதில் சொன்ன அந்தப் பெண் வைத்திருக்கும் நோட்டில் ‘டிரைவர் சீட்டில் நான் மட்டும், டேங்க் பாதி’ என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதியிருக்கிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வேகத்தைச் சோதிக்கச் செட்டிபாளையத்துக்குப் போ. குறைந்த காசில் ரேஸ் கார் கட்டலாம் என்று இந்த ஊருக்குக் காட்டியவர் கரிவர்தன். மாருதி 800-இன் இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை வண்டி செய்தார். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். அந்த டிராக்கே அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே தப்பு செய்தால் மண்ணில் இறங்கி நிற்பாய். அவினாசி ரோட்டில் தப்பு செய்தால் குறுக்கே வருவது யார் வீட்டுப் பிள்ளையோ.

16. வேலை முடிந்து 500 கி.மீ. ஓடியதும் வண்டியைக் கொண்டு வா. புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும், புது ரப்பர் படிந்திருக்கும். அலைன்மென்ட்டை மறுபடி பார்க்க வேண்டும். வரமுடியாத தூரத்தில் இருந்தால், ஸ்ட்ரட்டின் கீழே சக்கரத்தோடு சேரும் இரண்டு போல்ட்டையும் குனிந்து பார். முறுக்கி முடித்ததும் நட்டின்மேலும் பக்கத்து இரும்பின்மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருப்பேன். கோடு ஒரே நேராக இருந்தால் ஓட்டு. ஒரு நூல் விலகியிருந்தாலும் வண்டியை எடுக்காமல் போன் பண்ணு, எந்த ஊராக இருந்தாலும் நான் வருகிறேன்.